அச்சில் வந்ததா, வழியில் பட்டதா?

கேள்வி: அரசுப் பேருந்தில் 31 ஆண்டுகள் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பையில் விழும் காசில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தால், என் பணத்தைப் பையில் போட்டுவிட்டு அந்தக் காசை வீட்டுக்கு எடுத்து வருவேன். இப்போது ஒரு பிஸ்கட் டப்பா நிறைந்துவிட்டது. அதில் ஆறு காசுகளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்: ஓரம் கடிபட்ட ஒரு ரூபாய், எழுத்து இரட்டையாகத் தெரியும் 5 ரூபாய், நடு வட்டம் சாய்ந்த 10 ரூபாய், காண்டாமிருகம் தலைகீழாக நிற்கும் 25 பைசா, தங்க நிறத்தில் ஒரு ரூபாய், பேரன் கொண்டுவந்த அகலமான 2 ரூபாய். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பார்த்துப் பேசினேன். ஆறுக்கும் சேர்த்து 9 லட்சம் தருகிறார்களாம். முதலில் பதிவுக் கட்டணம் 3,500 ரூபாய் கட்ட வேண்டுமாம். இவை உண்மையிலேயே அச்சுப் பிழை நாணயங்கள்தானா? பணம் கட்டலாமா?
— ஓய்வுபெற்ற நடத்துநர், விருத்தாசலம்

பதில்:

ஐயா, வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். நாளைக்குக் கட்டுவதாகச் சொல்லியிருந்தால் இன்றைக்கே அந்த எண்ணைத் தடுத்துவிடுங்கள். முப்பது ஆண்டுகளாக நாணயம் வாங்கி விற்கிறேன். வாங்க வருகிறவன் காசைக் கையில் வாங்கி, புரட்டிப் பார்த்து, எடை போட்டு, அப்புறம் விலையைக் குறைத்துத்தான் பேசுவானே ஒழிய, பொருளைக் கண்ணால் பார்க்காமல் லட்சக்கணக்கில் விலை சொல்ல மாட்டான். விற்கிறவரிடமே கட்டணம் கேட்பது வியாபாரம் இல்லை. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. பழைய காசு, பழைய நோட்டு வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தம் இல்லை, கட்டணமோ கமிஷனோ தான் கேட்பதே இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு 10 லட்சம் என்று வருகிற காணொளிகளும் இதே குடும்பம்தான்.

இனி காசுக்கு வருவோம். உங்கள் ஆறில் இரண்டு உண்மையான பிழை என்று நினைக்கிறேன். மற்ற நான்கில் மூன்று வெளியே வந்த பிறகு அடி வாங்கியவை, அல்லது யாரோ கை வைத்தவை. ஒன்று தங்கசாலையிலேயே நடந்தது, ஆனாலும் பிழைக் கணக்கில் சேராதது. எப்படிச் சொல்கிறேன் என்று விளக்கிவிட்டால் டப்பாவில் மிச்சம் இருப்பதை நீங்களே பிரித்துவிடலாம்.

முதலில் காசு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடலாம். தங்கசாலையில், அதாவது அரசு காசு அடிக்கும் ஆலையில், நீளமான உலோகத் தகட்டிலிருந்து வட்ட வட்டமாக வில்லைகளை வெட்டுவார்கள். வில்லையின் ஓரத்தை உருட்டி அழுத்தி விளிம்பு எழுப்புவார்கள். சூடாக்கி மிருதுவாக்குவார்கள். அப்புறம் மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் காலர் என்கிற வளையம். நடுவில் வில்லை. ஒரே அடி. தலையும் பூவும் அந்த ஒரே அடியில் விழுந்துவிடும். அதற்குப் பிறகு காசுக்கு நடப்பது எதுவும் தங்கசாலையின் பிழைக் கணக்கில் சேராது.

ஆகவே எந்தக் காசைக் கையில் எடுத்தாலும் எனக்குள் ஒரே கேள்விதான். இந்தக் கோளாறு அந்த அடிக்கு முன்பு வந்ததா, அடியின்போதே வந்ததா, அடிக்குப் பின்பா? முன்பு என்றால் வில்லையில் குறை. அடியின்போது என்றால் அச்சிலோ, வில்லையை வைத்ததிலோ குறை. இரண்டுமே பிழைதான். பின்பு என்றால் வெறும் சேதம். தங்கசாலைக்குள் எந்த இடத்தில் இது நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்து விடை கிடைக்கவில்லை என்றால், பெரும்பாலும் அது வெளியே நடந்ததுதான்.

உங்கள் ஒரு ரூபாயை எடுத்துக்கொள்வோம். கோதுமைக் கதிர் போட்ட, 25 மில்லிமீட்டர் அகல எஃகுக் காசு. கடிகார முள் நான்கைக் காட்டும் இடத்தில், நகம் வெட்டியது போல ஒரு பிறைத் துண்டு இல்லை. வீட்டில் பெரிய சப்பாத்தியாகத் தேய்த்து, டப்பா மூடியால் பூரி வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மூடியை ஏற்கெனவே வெட்டின ஓட்டையை ஒட்டி வைத்துவிட்டால், அடுத்த பூரி ஓரத்தில் பிறை வடிவக் குறையோடு வரும். தகடு சரியாக நகராதபோது தங்கசாலையிலும் இதேதான் நடக்கிறது. அந்தக் குறையோடேயே வில்லை போய் அச்சில் அடி வாங்குகிறது. ஆங்கிலத்தில் கிளிப் என்பார்கள். நம் வியாபாரிகளும் அப்படியே சொல்வார்கள்.

தகரக் கத்தரியோ அரமோ வைத்து ஓரத்தை எடுத்தாலும் இப்படித்தானே இருக்கும் என்று கேட்பீர்கள். இருக்காது. பிறைக்கு நேர் எதிரே, அதாவது பத்து மணி இடத்தில், உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு மற்ற இடங்களைப் போல எழும்பாமல் மழுங்கி, கரைந்தது போல இருக்கிறது. விளிம்பை உருட்டும் இயந்திரம் இரண்டு பக்கமும் நெருக்கித்தான் வேலை செய்யும். ஒரு பக்கம் உலோகம் இல்லாமல் குழிந்திருந்தால், எதிர்ப்பக்கத்துக்கு முட்டுக் கிடைக்காது, விளிம்பும் எழாது. இதற்கு பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். கத்தரியால் வெட்டுகிறவனால் எதிர்ப்பக்க விளிம்பை அழிக்காமல் இப்படிக் கரைக்க முடியாது. இந்த அடையாளம் இல்லாத அசல் கிளிப்புகளும் உண்டு, அதனால் இது இல்லை என்பதற்காக மட்டும் ஒரு காசைத் தள்ளிவிட வேண்டாம். இருந்தால் பெரிய சாட்சி.

இன்னொன்றும் பாருங்கள். பிறைக்குப் பக்கத்தில் இருக்கிற கதிரின் நுனி, வெட்டை நோக்கி லேசாக அகன்று இழுபட்டிருக்கிறது. அடி விழுந்தபோது அங்கே உலோகத்துக்குத் தடுப்பு இல்லை, அது காலியிடம் பார்த்து ஓடியிருக்கிறது. அடிக்குப் பின் வெட்டியிருந்தால் கதிர் கத்தியால் நறுக்கின கீரைத்தண்டு மாதிரி பட்டென்று நின்றிருக்கும். தெரிந்த நகைக்கடை எலக்ட்ரானிக் தராசில் ஒரு முறை வைத்துப் பார்த்துவிடுங்கள். முழுக் காசு 4.85 கிராம். உங்களுடையது அதைவிடக் குறைய வேண்டும். வெட்டின ஓரத்தை லென்ஸில் பார்த்து, அரம் போட்ட கோடுகள் இல்லை என்றும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இது அசல்தான் என்று நம்புகிறேன். லட்சம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆசைப்படும் சேகரிப்பாளர் அமைந்தால் சில நூறு ரூபாய் கிடைக்கலாம்.

அடுத்து 10 ரூபாய். படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். மஞ்சள் வளையமும் வெள்ளை நடுவட்டும் தனித்தனியாக அடிக்கப்பட்டுப் பிறகு சேர்க்கப்படுகின்றன என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெற்று வளையத்துக்குள் வெற்று வட்டை வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே அடி. அந்த அடிதான் படத்தையும் பதிக்கிறது, இரண்டையும் ஒன்றோடொன்று பிடித்தும் கொள்கிறது. படம் விழும்போதே வட்டு வளையத்துக்குள் இருக்கிறது என்றால், நடுவட்டு எப்படித் திரும்பியிருந்தாலும் சிங்கங்கள் நேராகத்தானே நிற்க வேண்டும்? உங்கள் காசில் வளையத்திலுள்ள ‘பாரத்’, ‘இந்தியா’ இரண்டும் நேராக இருக்கின்றன, சிங்கங்கள் மட்டும் வலப்பக்கம் சாய்ந்து நிற்கின்றன. படம் விழுந்த பிறகுதான் நடுவட்டு திரும்பியிருக்கிறது. யாரோ தட்டி வெளியே எடுத்து, மறுபடியும் செருகியிருக்கிறார்கள். லென்ஸில் பார்த்தால் இரண்டும் சேரும் கோட்டில் நெம்பின காயம் தெரியும்.

அசலான பிழை எப்படி இருக்கும் தெரியுமா? வளையத்தின் ஓட்டை நடுவில் விழாமல் ஒரு பக்கமாகத் தள்ளி விழுந்திருக்கும். வெள்ளை வட்டு நகர்ந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் படம், வட்டு எங்கே இருக்கிறது என்ற கவலையே இல்லாமல், கோட்டைத் தாண்டி நேராக ஓடியிருக்கும். நடுவட்டே இல்லாத வளையத்தையும் சிலர் கொண்டுவருவார்கள். வட்டு இல்லாமலே அடி வாங்கியிருந்தால் உள் ஓரத்து உலோகம் காலியிடத்துக்குள் பிதுங்கி, ஓட்டை கோணலாகச் சுருங்கியிருக்கும். ஓட்டை சுத்தமான வட்டமாக இருந்தால், தட்டி எடுத்ததுதான்.

(அந்தப் பத்து ரூபாயைக் கடையில் கொடுத்தால் வாங்குவார்களா என்று கேட்காதீர்கள். பழுதில்லாத பத்து ரூபாய்க் காசையே நம்மூர்க் கடைக்காரர்கள் எத்தனை நாள் வாங்க மறுத்தார்கள்! பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்த பிறகும் நடத்துநர்களுக்கும் பயணிகளுக்கும் நடந்த சண்டை உங்களுக்குத் தெரியாததா?)

5 ரூபாய்க்கு வருவோம். தடிமனான பழைய காசு. எழுத்துகளுக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு எழுத்து. முதலில் வெளிச்சத்தின் கோணத்தை மாற்றி இரண்டு மூன்று படம் எடுத்துப் பாருங்கள். செல்போன் கேமராவே இரட்டை எழுத்து காட்டும். உங்கள் இரண்டாவது படத்திலும் தெரிகிறது என்பதால் காசில் ஏதோ இருப்பது உண்மைதான். ஆனால் அந்த இரண்டாவது எழுத்து படிக்கட்டு மாதிரி தட்டையாக, தாழ்வாக இருக்கிறது. மேல் எழுத்தும் அந்தப் பக்கம் மெலிந்துபோயிருக்கிறது. தளர்ந்த அச்சு, அடித்துவிட்டு விலகும்போது லேசாக ஆடி எழுத்தின் தோளைச் சிராய்த்துவிட்டுப் போயிருக்கிறது. தங்கசாலைக்குள்ளேயே நடந்ததுதான், மறுக்கவில்லை. ஆனாலும் சேகரிப்பவர்கள் இதைப் பிழையாகக் கணக்கில் எடுப்பதில்லை, மேல்காசு கொடுப்பதும் இல்லை. அதனால் இதைத் தள்ளிய பட்டியலில்தான் வைத்திருக்கிறேன்.

விலை போகிற இரட்டிப்பு வேறு. அங்கே அச்சைத் தயாரிக்கும்போதே படம் இரண்டு தடவை, சற்று விலகிப் பதிந்திருக்கும். ஆகவே காசில் இரண்டு எழுத்துமே உருண்டு திரண்டு, ஒரே உயரத்தில் நிற்கும். அமெரிக்காவின் 1955-ஆம் ஆண்டு ஒரு சென்ட் இதற்குப் பேர்போனது. அந்த ஒரு கோணல் அச்சிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட காசுகள் வெளியே போய்விட்டன. அத்தனையிலும் ஆண்டு எண் ஒரே மாதிரி இரட்டையாக இருக்கும். அச்சில் இருக்கும் குறை, அந்த அச்சில் பிறந்த எல்லாக் காசிலும் இருந்தாக வேண்டும். அடிபட்ட காயமோ அந்த ஒரு காசுக்கு மட்டும்தான் சொந்தம்.

இதிலிருந்தே இன்னொரு சூத்திரமும் கிடைக்கும். அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக விழும். அச்சில் விரிசல் விட்டால் அந்த விரிசலுக்குள் உலோகம் புகுந்து, காசில் மெல்லிய மேட்டுக் கோடாக நிற்கும். அச்சின் ஓரம் உடைந்து விழுந்திருந்தால் காசின் ஓரத்தில் படமே இல்லாத ஒரு பருத்த கட்டி இருக்கும். ஆணியோ தரையோ கிழித்த கீறல் பள்ளமாக இருக்கும், ஏர் உழுத சாலில் மண் ஒதுங்குவது மாதிரி இரண்டு கரையிலும் உலோகம் ஒதுங்கியிருக்கும். கண்ணை நம்பாவிட்டால் நகத்தால் மெல்லத் தடவிப் பாருங்கள். கோடு நகத்தில் தட்டினால் மேடு, நகம் கோட்டில் இறங்கினால் பள்ளம். பள்ளமான கோடெல்லாம் சேதம் என்றும் சொல்லிவிட முடியாது. வில்லைக்கும் அச்சுக்கும் நடுவில் நூலோ கம்பித் துணுக்கோ மாட்டிக்கொண்டாலும் பள்ளம் விழும். அது அபூர்வம். டப்பாவில் இருபது கீறல் இருந்தால் இருபதும் கீறல்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

25 பைசா. இதுதான் உங்களுடைய இரண்டாவது அசல். காசின் மேல்நுனியையும் கீழ்நுனியையும் இரண்டு விரலால் பிடித்து, பக்கவாட்டில் சுழற்றுங்கள். நம் நாட்டுக் காசு என்றால் சிங்கமும் நேராக இருக்கும், மறுபக்கமும் நேராக இருக்கும். உங்கள் காண்டாமிருகம் மல்லாந்து கிடக்கிறது. ஓர் அச்சைப் பொருத்தும்போது திருப்பி மாட்டிவிட்டார்கள், அல்லது அது தளர்ந்து திரும்பிவிட்டது. வெளியே இதைச் செய்வது லேசான காரியம் இல்லை, ஆகவே எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் இந்த வகை நம் எஃகுக் காசுகளில் நிறையவே வந்திருக்கிறது. பத்துப் பதினைந்து டிகிரி சாய்வை யாரும் மதிப்பதில்லை. உங்களுடையது போல முழுத் தலைகீழ் என்றால் கொஞ்சம் விலை உண்டு. 2011 ஜூன் 30 முதல் 25 பைசா செல்லாக்காசு ஆகிவிட்டதால், டப்பாவில் போட்டு வைத்தது நல்லதாகப் போயிற்று. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். அமெரிக்கக் காசை இதே மாதிரி சுழற்றினால் மறுபக்கம் தலைகீழாகத்தான் வரும். அங்கே அதுதான் வழக்கம். மாதம் ஒருவராவது அமெரிக்க மாப்பிள்ளை கொடுத்த காசைப் பிழை என்று தூக்கிக்கொண்டு வருகிறார்.

தங்க நிற ஒரு ரூபாய்: காந்தத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டும். உள்ளே எஃகு, மேலே முலாம். முடிந்தது.

டப்பாவில் இருந்து வேறு காசும் கிளறப் போகிறீர்கள் என்பதால், நான் ஏமாந்த கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஒன்று. ஒரு பக்கம் மன்னர் தலை மேடாக. மறுபக்கம் அதே தலை, கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி, பள்ளமாக. அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த வில்லை அதன்மேல் அடி வாங்கினால் இப்படி வரும். வடநாட்டு வியாபாரிகள் லாக்கி என்பார்கள். பழைய ரூபாயில் நல்ல விலை. ஒரு மாத வரும்படியைக் கொடுத்து வாங்கினேன். இரவு விளக்கைச் சாய்த்து வைத்து லென்ஸில் பார்த்தபோதுதான், பள்ளமான கன்னத்துக்கு அடியில் ‘ஒன் ருப்பீ’ என்ற எழுத்துகளின் தண்டு நசுங்கிக் கிடந்தது தெரிந்தது. மறுபக்கத்து மன்னரின் காதும் கிரீடமும் சப்பையாகியிருந்தன. இரண்டு ரூபாய்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பட்டறை வைஸில் இறுக்கியிருக்கிறார்கள். அசல் லாக்கியில் அந்தப் பக்கம் வேறு அச்சே படவில்லை, ஆகவே ‘ஒன் ருப்பீ’யின் தடயமே இருக்கக் கூடாது. அந்தக் காசை இன்னும் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இரட்டிப்பு லாபம் வரும் என்று யாராவது காசு நீட்டினால் அதை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

வெள்ளி ரூபாய் என்றதும் இன்னொன்று. வீட்டில் பாட்டி காலத்து ரூபாய் இருந்து, விளிம்பில் ஓரிடம் மட்டும் குமிழியாகவோ தேய்ந்தோ இருந்தால் அது பிழை இல்லை. காசுமாலைக்காகக் கொக்கி பற்றவைத்து, பிறகு எடுத்த இடம். இன்னும் பழைய காசுகளில் சின்னச் சின்ன முத்திரைக் குத்துகள் இருந்தால், அவை சராப்புகள் என்கிற அந்தக் காலப் பணம் மாற்றுகிறவர்கள் வெள்ளியைச் சோதிக்க வைத்தவை. ராஜராஜன் செப்புக்காசில் பாதி உருவம் காசுக்கு வெளியே போயிருக்கிறதே, பிழையா என்று கேட்பார்கள். சுத்தியல் பிடித்துக் கையால் அடித்த காலத்தில் அச்சு நடுவில் விழுந்தால்தான் ஆச்சரியம். இந்தக் கணக்கெல்லாம் காலர் வைத்த இயந்திரத்தில் பிறந்த காசுக்கு மட்டும்தான்.

தயவுசெய்து எதையும் துலக்காதீர்கள். புளி, விபூதி, பல்பொடி எதுவும் வேண்டாம். தேய்த்த காசில் அசல் மேற்பரப்பு போய்விடும். கிளிப்பின் ஓரத்தையும் தேய்த்துவிட்டீர்கள் என்றால், அரம் போட்டது என்று எவனும் சந்தேகப்படுவான், எனக்கும் மறுத்துப் பேச ஆதாரம் இருக்காது. ஒரு ரூபாயையும் 25 பைசாவையும் மட்டும் தனித்தனி அட்டை ஹோல்டரில் போட்டு வையுங்கள். எடை போட்டதும் எனக்கு எழுதுங்கள். ஒரு ரூபாயின் விளிம்பைப் பக்கவாட்டில் ஒரு படம், பிறைக்கு எதிர்ப்பக்கத்தை ஒரு படம், ஜன்னல் வெளிச்சம் சாய்ந்து விழும்படி எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். காசைத் தபாலில் அனுப்ப வேண்டாம்.

2 ரூபாயை மறக்கவில்லை. இருக்க வேண்டிய அளவைவிடப் பெரிதாக, அப்பளம் மாதிரி மெலிந்து, சிங்கங்களும் விரல்களும் ஒரே திசையில் நீண்டுபோய்க் கிடக்கின்றன. காலர் இல்லாமல் அடி வாங்கிய காசும் அகலமாகத்தான் வரும், ஆனால் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்கும், நடுவில் படம் கூர்மையாக இருக்கும். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்றால் அதன்மேல் ஏதோ உருண்டிருக்கிறது. விருத்தாசலம் ஜங்ஷன் ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. காசைப் பேரனிடமே திருப்பிக் கொடுங்கள். எந்த ரயில் கேட் பக்கம் போனான் என்பதை மட்டும் விசாரித்துவிடுங்கள்.